எண்டோமெட்ரியோசிஸ் வலியும் அன்றாடச் சாப்பாடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் எண்டோமெட்ரியோசிஸ் நோயின் அறிகுறிகளையும் சிகிச்சை முறைகளையும் விளக்கும் கட்டுரை வெளியான பின் எங்களுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியே கேட்டிருந்தன. எதைச் சாப்பிடலாம், எதை விலக்க வேண்டும், உணவினாலேயே நோயைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பலரும் எழுப்பியிருந்த ஐயங்களுக்கு இப்பகுதியின் ஊட்டச்சத்து ஆலோசகர் பதிலளிக்கிறார்.

என் மகளுக்கு 24 வயது. வயதுக்கு வந்த காலம் முதலே மாதவிலக்கு நாட்களில் சுருண்டு படுத்துவிடுவாள். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் 4 செ.மீ. அளவுக்குச் சாக்லேட் சிஸ்ட் இருப்பதாகவும், அது எண்டோமெட்ரியோசிஸ் என்றும் கூறி மருத்துவர் டைனோஜெஸ்ட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். உறவினர் ஒருவரோ, மாத்திரையே வேண்டாம், பாலையும் கோதுமையையும் கறியையும் நிறுத்தி மூன்று மாதம் பத்தியம் இருந்தால் கட்டி கரைந்துவிடும் என்கிறார். உண்மையா?
— வாசகி, மதுரை

கரையாது, அம்மா. எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் உருவான கட்டியை ஏதேனும் ஓர் உணவோ பத்தியமோ கரைத்ததாக இதுவரை எந்த ஆய்வும் நிறுவவில்லை. மாத்திரையைக் கைவிட்டுச் சாப்பாட்டை மட்டும் நம்பினால் உங்கள் மகளின் வேதனைதான் நீளும். இதை முதலில் உறுதியாகச் சொல்லிவிட்டே உணவால் கிடைக்கும் நன்மையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

கருப்பையின் உள்படலத்தை ஒத்த திசு, சினைப்பை, கருக்குழாய், வயிற்றறையின் உட்சவ்வு, சிலருக்குக் குடல், சிறுநீர்ப்பை ஆகிய இடங்களிலும் வளர்வதே இந்த நோய். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தத் திசு ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைச் சார்ந்து வளர்ந்து, சுற்றியுள்ள இடத்தில் அழற்சியை உண்டாக்குகிறது. அப்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருட்கள் கருப்பைத் தசையை இறுகச் சுருங்க வைப்பதோடு, நரம்பு முனைகளையும் சிறு தூண்டலுக்கே வலி உணரும்படி ஆக்கிவிடுகின்றன. டைனோஜெஸ்ட் ஈஸ்ட்ரோஜனின் அளவைக் குறைத்துத் திசுவின் வளர்ச்சியை அடக்குகிறது. அந்த அளவுக்கு ஹார்மோனை மாற்றும் ஆற்றல் உணவுக்குக் கிடையாது. ஆனால் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதற்கான மூலப்பொருள் நாம் உண்ணும் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. கல்லீரல் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பும் ஈஸ்ட்ரோஜனில் ஒரு பங்கு மலத்தோடு வெளியேற நார்ச்சத்து உதவுகிறது. குடலில் சேரும் காற்று, ஏற்கெனவே நொந்திருக்கும் நரம்புகளை மேலும் சீண்டுகிறது. இந்த மூன்று வழிகளில்தான் சாப்பாடு நமக்குக் கைகொடுக்க முடியும்.

மனித இனப்பெருக்கம், கருவியல் ஆகியவற்றுக்கான ஐரோப்பிய சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், உணவு உள்ளிட்ட மருந்தில்லா முறைகளில் குறிப்பிட்ட எதையும் வலிக்காகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை என்றே கூறுகின்றன. மறுபுறம், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட பன்னாட்டுக் கருத்துக்கணிப்பில் பங்கேற்ற சுமார் 2,600 பேரில், ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் உணவில் ஏதேனும் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்திருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வலி குறைந்ததாகத் தெரிவித்தார்கள். தாமாக முன்வந்தவர்கள் தம் நினைவிலிருந்து சொன்னது என்பதால் இதை நிரூபணமாகக் கொள்ள இயலாது. ஆயினும் இத்தனை பெண்கள் தம் உடலைப் பற்றிச் சொல்வதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே உங்கள் மகள் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடட்டும். மருத்துவர் குறித்த நாளில் மறு ஸ்கேனுக்கும் போகட்டும். அதோடு சேர்த்து உணவில் மாற்றம் செய்ய விரும்பினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று மாதவிலக்குச் சுழற்சிகள் வரை வலியின் அளவை நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வரட்டும். பால், கோதுமை, கறி மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினால், ஒருவேளை வலி குறைந்தாலும், அது எதனால் குறைந்தது என்று தெரியாமல் மூன்றையும் ஆயுள் முழுவதும் விலக்கி வைக்கும் நிலைதான் வரும்.

எனக்கு வயது 31. யூடியூப் காணொளிகளைப் பார்த்து ஏழு மாதங்களாகக் கோதுமை, பால், தயிர், முட்டை அனைத்தையும் நிறுத்திவிட்டேன். வலி கொஞ்சம் குறைந்ததுபோல் தோன்றுகிறது. ஆனால் 6 கிலோ எடை குறைந்துவிட்டது, முடி கொட்டுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பழையபடி சாப்பிட்டால் வலி திரும்பிவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.
— வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் கடிதம் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்தது. வலிக்குப் பயந்து சாப்பாட்டை ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் சோறும் ரசமும் மட்டுமே மிஞ்சும் நிலைக்கு வந்துவிட்ட பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு வலியோடு சத்துக்குறைவும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பு), வைட்டமின் பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குவதையும் தற்செயலாக ஏற்பட்ட எடைக் குறைவையும் உணவு மாற்றத்தின் விளைவு என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

கோதுமையை விலக்கும் யோசனைக்கு அடிப்படையாகப் பெரும்பாலும் காட்டப்படுவது இத்தாலியில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு. கடுமையான வலியுடைய 207 பெண்கள் ஓராண்டு, கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் இல்லாத உணவை உண்டார்கள். அவர்களில் 75 விழுக்காட்டினருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது. கேட்பதற்கு நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வழக்கமான உணவை உண்ட இன்னொரு குழு இல்லை. நாள்பட்ட வலியில், ஏதோ ஒரு சிகிச்சை நடக்கிறது என்ற நம்பிக்கையே கணிசமான நிவாரணம் தரும் என்பதால், ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வை வைத்து எல்லோருக்கும் கோதுமையைத் தடை செய்ய முடியாது. குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் கோதுமையைக் கட்டாயம் விலக்க வேண்டும். அந்நோய் வட இந்தியாவை நோக்கத் தென்னிந்தியாவில் மிகக் குறைவு. ஒன்றைக் கவனியுங்கள்: கோதுமையை நிறுத்திய பிறகு சீலியாக் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஆகவே நிறுத்த நினைப்பவர்கள் அதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பாலைப் பொறுத்தவரை சான்று எதிர்த்திசையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் செவிலியர்களைப் பல்லாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த பெரும் ஆய்வில், நாளொன்றுக்கு மூன்று பங்குக்கு மேல் பால் பொருட்களை உண்டவர்களுக்கு, இரண்டு பங்கு உண்டவர்களைவிட இந்நோய் கண்டறியப்படும் வாய்ப்பு 18 விழுக்காடு குறைவாக இருந்தது. பால் சாப்பிட்டால் நோய் வராது என்று இதற்குப் பொருளில்லை. பால் நோயை வளர்க்கிறது என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றே பொருள். நம் பகுதியில் பலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காததால் வயிறு உப்பும். அவர்கள் பாலைக் குறைத்துக்கொண்டு, நன்கு புளித்த தயிரையோ மோரையோ பழகிப் பார்க்கலாம்.

எலும்பின் நிலைமையும் இங்கே முக்கியம். லூப்ரோலைடு போன்ற ஊசிகள் ஈஸ்ட்ரோஜனை வெகுவாகக் குறைப்பதால் எலும்பின் அடர்த்தியும் குறையும். அத்தகைய சிகிச்சையில் இருக்கும் பெண் பால், தயிரையும் நிறுத்திவிட்டால் இழப்பு மேலும் கூடும். வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூறுகிறது. பால் அறவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கேழ்வரகு பெருந்துணை: 100 கிராமில் ஏறத்தாழ 364 மி.கி. கால்சியம் உள்ளது. முள்ளோடு உண்ணும் நெத்திலியும், கீரைகளும், எள்ளும் கைகொடுக்கும்.

முட்டையை நாளைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அதை விலக்கியதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஒரு வாரம் கழித்துத் தயிர், பிறகு பால், கடைசியாகக் கோதுமை என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏதேனும் ஒன்றைச் சேர்த்த பிறகு வலி கூடினால், அதை மட்டும் சில வாரங்கள் தள்ளிவைத்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள். இரண்டு முறையும் வலி கூடினால்தான் அந்த உணவின் மீது பழி போடலாம்.

மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பே வயிறு கல்லுபோல் உப்பிவிடுகிறது. சில நாட்கள் மலச்சிக்கல், சில நாட்கள் வயிற்றுப்போக்கு. எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது லேப்ராஸ்கோபியில் உறுதியாகிவிட்டது. குடல் மருத்துவர் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்றும் சொல்கிறார். 'ஃபோட்மேப்' குறைந்த உணவு என்று ஒன்றைக் கேள்விப்பட்டேன். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நம் வீட்டில் எப்படிச் சமைப்பது?
— வாசகி, தஞ்சாவூர்

இந்த நோய்க்கான உணவு முறைகளில் நான் ஓரளவு நம்பிக்கையோடு பேசக்கூடியது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் பலருக்குக் குடல் தொல்லைகளும் சேர்ந்தே இருக்கின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகள், பால், சில பழங்கள் ஆகியவற்றில் உள்ள சில மாவுச்சத்துகள் சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் புளிக்கவைக்கப்பட்டுக் காற்றை உண்டாக்குகின்றன. நீரையும் குடலுக்குள் இழுக்கின்றன. எல்லோருக்கும் இது நடப்பதுதான். ஆனால் நரம்புகள் கூருணர்வு அடைந்துவிட்ட வயிற்றில், பிறர் கவனிக்காமல் விட்டுவிடும் அளவுக் காற்றுகூட வலியாக உணரப்படுகிறது.

இத்தகைய சத்துகளைக் குறைத்து உண்ணும் முறையை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கினார்கள். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் ஐ.பி.எஸ். உள்ள பெண்களிடம் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், நான்கு வாரம் இம்முறையைப் பின்பற்றியபோது, எண்டோமெட்ரியோசிஸும் இருந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்குக் குடல் தொல்லை பாதிக்கு மேல் குறைந்தது. அந்நோய் இல்லாதவர்களில் 49 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தது. பின்னர் மொனாஷ் ஆய்வாளர்களே எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 35 பெண்களுக்கு இரு வகை உணவையும் தாங்களே சமைத்து வழங்கி, ஒவ்வொன்றையும் 28 நாட்கள் உண்ணச் செய்து ஒப்பிட்டார்கள். 2025இல் வெளியான அந்த முடிவுகளின்படி, இம்முறையில் 60 விழுக்காட்டினருக்கும், வழக்கமான உணவில் 26 விழுக்காட்டினருக்கும் குடல் அறிகுறிகள் தணிந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒப்பீட்டோடு கவனமாகச் செய்யப்பட்டது. தணிந்தது குடல் தொல்லையே தவிர, நோய்த் திசு அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம் சமையலில் இதைச் செய்ய முடியும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள அந்தச் சத்து நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகையால் தோலுரித்த பூண்டுப் பற்களையோ பெரிய வெங்காயத் துண்டுகளையோ எண்ணெயில் மட்டும் பொன்னிறமாக வதக்கி, தண்ணீரோ தக்காளியோ சேர்ப்பதற்கு முன்பே கரண்டியால் எடுத்துவிட்டால், மணம் எண்ணெயில் தங்கிவிடும், தொல்லை தரும் பொருள் வெளியே போய்விடும். பெருங்காயம் இங்கே உங்களுக்கு நல்ல துணை. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் நறுக்கிப் போடலாம். ரசத்தில் பூண்டை நசுக்கிப் போடாமல் சீரகமும் மிளகும் பெருங்காயமும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை ஆகியவற்றை இந்தச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். துவரம் பருப்பையும் பாசிப்பருப்பையும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, குறைந்த அளவில் குழம்பில் சேருங்கள். அரிசிச் சோறு, இடியாப்பம், அரிசிப் புட்டு, கேரட், வெள்ளரி, தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, முட்டை, மீன், கோழி, நன்கு பழுத்த கொய்யா, ஆரஞ்சு, பப்பாளி ஆகியவை பொதுவாகத் தொல்லை தருவதில்லை. மாம்பழம், தர்பூசணி, ஆப்பிள், காலிஃபிளவர், காளான் ஆகியவை தொல்லை தரக்கூடியவை. இட்லியிலும் தோசையிலும் உளுந்து இருப்பதால் சிலர் தயங்குகிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று இட்லிகள் ஒத்துக்கொள்கின்றன.

இது சில வாரங்களுக்கான சோதனை மட்டுமே. நான்கு வாரம், மிஞ்சிப்போனால் ஆறு வாரம் கடைப்பிடியுங்கள். அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் இம்முறை உங்களுக்கானது அன்று என்று விட்டுவிடுங்கள். மாற்றம் தெரிந்தால், ஒவ்வொரு வகையையும் மூன்று நாட்கள் வீதம் கூட்டிக்கொண்டே சேர்த்துப் பார்த்து, உங்கள் வயிறு எதை எவ்வளவு தாங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். பூண்டு ஒத்துக்கொள்ளாது, பயறு ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தால், பூண்டை மட்டும் குறைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் உண்ணலாம். நீண்ட காலம் விலக்கியே வைத்திருந்தால் குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரிகளும் பட்டினி கிடக்கும். இயன்றால் உணவியல் நிபுணர் ஒருவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது குத்துவதுபோல் வலித்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, அது குடலிலேயே நோய்த் திசு இருப்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும். உணவு மாற்றத்தைத் தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் கூறிவிடுங்கள்.

மீன் நல்லது, ஆட்டுக்கறி கூடாது என்கிறார்களே? சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?
— வாசகி, தூத்துக்குடி

முன்பு குறிப்பிட்ட அமெரிக்கச் செவிலியர் ஆய்விலிருந்து இதற்கும் விடை கிடைக்கிறது. சுமார் 70,000 பெண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2010இல் வெளியிட்ட அறிக்கையில், மீனில் உள்ள நீள்தொடர் ஒமேகா-3 கொழுப்பை மிகுதியாக உண்ட பிரிவினருக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட இந்நோய் 22 விழுக்காடு குறைவாகவும், டிரான்ஸ் கொழுப்பை மிகுதியாக உண்டவர்களுக்கு 48 விழுக்காடு அதிகமாகவும் கண்டறியப்பட்டது. நாளொன்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் சிவப்பு இறைச்சி உண்டவர்களுக்கு, வாரம் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோ உண்டவர்களைவிட 56 விழுக்காடு அதிகம் என்று 2018இல் தெரியவந்தது. இவையெல்லாம் நோய் வரும் வாய்ப்பைப் பற்றியவை. வந்த நோயின் வலி குறையுமா என்பதற்கு நேரடிச் சான்று அல்ல. அதோடு, நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுக்கறி எடுக்கும் குடும்பத்துக்கும் தினமும் இரு வேளை மாட்டிறைச்சி உண்ணும் அமெரிக்கக் குடும்பத்துக்கும் உள்ள தொலைவையும் எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. ரத்தப்போக்கு மிகுந்த பெண்ணுக்கு அதிலுள்ள இரும்புச்சத்து தேவையானதும்கூட.

தூத்துக்குடியில் இருக்கும் நீங்கள் கொடுத்துவைத்தவர். சாளை என்னும் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகியவற்றில் ஒமேகா-3 நிறைந்திருக்கிறது. வஞ்சிரத்தைவிட விலையும் குறைவு. வாரம் இரண்டு மூன்று முறை குழம்பாக வைத்தோ ஆவியில் வேகவைத்தோ உண்ணுங்கள். சைவர்களுக்கு ஆளி விதையும் வால்நட்டும் உண்டு. ஆனால் அவற்றில் உள்ள ஒமேகா-3 வேறு வகையானது, உடல் அதில் சிறு பங்கையே மீனில் உள்ள வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஒரு தேக்கரண்டி ஆளி விதைப் பொடியை மோரில் கலந்து குடிப்பதால் நார்ச்சத்தாவது நிச்சயம் கிடைக்கும். டிரான்ஸ் கொழுப்புக்கு இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புப் பொருட்களில் 2 விழுக்காடு என்ற வரம்பு நடைமுறையில் உள்ளது. அது நல்ல முன்னேற்றம். எனினும் ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பொரிக்கும் கடைகளின் பஜ்ஜியையும் பேக்கரி பஃப்ஸையும் குறைப்பது, இந்த நோய் இல்லாதவர்களுக்கும் நான் சொல்லும் யோசனைதான்.

காய்கறிகளில் ஒரு வியப்பும் உண்டு. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் ஈஸ்ட்ரோஜனை வெளியேற்றும் என்று இணையத்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே செவிலியர் ஆய்வில், அவற்றைத் தினமும் உண்டவர்களுக்கு இந்நோய் 13 விழுக்காடு அதிகமாகக் கண்டறியப்பட்டது. ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களைத் தினமும் உண்டவர்களுக்கோ 22 விழுக்காடு குறைவு. கோஸ் வகைகள் உண்டாக்கும் காற்றினால் வயிற்று வலி கூடி, அதனால் அவர்கள் மருத்துவரிடம் போய் நோய் வெளிப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியாயினும், தினமும் கோஸ் சாறு குடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

உளுந்தங்களி கருப்பைக்கு நல்லது என்று மாமியார் தினமும் கிண்டித் தருகிறார். சாப்பிடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

தாராளமாகச் சாப்பிடுங்கள். உளுந்தில் புரதமும், நல்லெண்ணெயில் நல்ல கொழுப்பும் இருக்கின்றன. அன்போடு கிண்டித் தரும் கை இருப்பது அதைவிடப் பெரிய பேறு. நோயைக் குறைக்கும் மருந்தாக மட்டும் அதை எண்ண வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரை வகைதான் என்பதால் வாரம் இரண்டு நாட்கள் போதும். களி சாப்பிட்ட அன்று வயிறு உப்பினால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கேப்ஸ்யூல், வைட்டமின் டி, மீன் எண்ணெய் மாத்திரை ஆகியவற்றை வாங்கிச் சாப்பிடுகிறேன். மாதம் 3,000 ரூபாய் செலவாகிறது. தொடரலாமா?
— வாசகி, திருச்சி

அந்தப் பணத்தில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம் என்பதே என் கருத்து. அமெரிக்காவின் பாஸ்டனில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 12 முதல் 25 வயது வரையிலான 69 பேருக்கு, ஆறு மாதம் வைட்டமின் டி, மீன் எண்ணெய், மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரை என மூன்றில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவில், வைட்டமின் டி பெற்றவர்களின் வலி குறைந்தது. ஆனால் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. மீன் எண்ணெயும் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்பின் பொருட்டு அதைச் சாப்பிட வேண்டும், வலிக்காக அன்று.

வைட்டமின் இ, வைட்டமின் சி இரண்டையும் உயர்ந்த அளவில் எட்டு வாரம் கொடுத்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் 43 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட வலி குறைந்தது. ஆனால் அங்கே கொடுக்கப்பட்ட வைட்டமின் இ 1,200 அலகுகள். அந்த அளவு ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் யாரும் முயலக் கூடாது. மஞ்சளைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சள்தூள் நமக்குப் பழகிய உணவு. மிளகுச் சாற்றோடு சேர்த்து உடலில் பல மடங்கு உறிஞ்சப்படும்படி செய்யப்பட்ட செறிவூட்டிய கேப்ஸ்யூல்கள் அப்படியல்ல. அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகியுள்ளன. ஹார்மோன் மாத்திரையும் வலி மாத்திரையும் சாப்பிடும் பெண் தன் கல்லீரலுக்கு மேலும் சுமை ஏற்ற வேண்டாம். நீங்கள் எந்தெந்தத் துணை மாத்திரைகளைச் சாப்பிடுகிறீர்கள் என்பதை, அறுவை சிகிச்சைக்கு முன் குறிப்பாக, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்தப்போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலச்சிக்கல் வந்து வலி கூடுகிறது. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் சாப்பிட்டால் போதுமா?
— வாசகி, சேலம்

போதாது, அம்மா. 8.6 என்பது உணவால் மட்டும் ஈடுகட்ட முடியாத அளவு. மாத்திரையை நிறுத்தாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அவ்வாறு சாப்பிடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சப்படும் இரும்பின் அளவு கூடுகிறது என்று சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. வயிற்றுத் தொல்லையும் பலருக்குக் குறைகிறது. அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அப்படிப்பட்ட நாட்டில் மாதந்தோறும் அளவுக்கு மீறி ரத்தம் இழக்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். இவ்வளவு சோர்வும் நோயினால் வருவதென்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ரத்தசோகையைச் சரிசெய்தவுடன் பாதிச் சோர்வு விலகி, வலியைத் தாங்கும் தெம்பும் வருவதை நான் கண்டிருக்கிறேன். கம்பு, முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்), கருவாடு, கறி ஆகியவற்றைச் சேருங்கள். கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு சேர்த்தோ சாப்பிட்ட உடனேயோ டீ, காபி குடிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள்.

என் மனைவிக்கு இந்நோய். வலி வரும் நாட்களில் எதுவும் சாப்பிட முடியாமல் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டுக்கொள்கிறாள். என் அம்மா, குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், சென்னை

நீங்கள் கேட்டதற்கு மகிழ்ச்சி, ஐயா. குழந்தைப்பேறு இந்நோய்க்கு மருந்து அல்ல. நோயைக் குணப்படுத்துவதற்காகவே கருத்தரிக்கும்படி பெண்களுக்கு அறிவுரை கூறக் கூடாது என்று மேற்சொன்ன ஐரோப்பிய நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன. இதை உங்கள் அம்மாவிடம் உங்கள் மனைவி அல்ல, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பவை என்பதால், வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட அது தொடங்கும்போதே போடுவது நன்றாக வேலை செய்யும். வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பை புண்ணாகக்கூடும். எனவே மாதவிலக்குக்கு முந்தைய நாளே இட்லி மாவு, கஞ்சிக்கு உடைத்த அரிசி, ரசப்பொடி ஆகியவை வீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவையுங்கள். காலையில் ஒரு தம்ளர் கஞ்சியோ ஓர் இட்லியோ அவர் சாப்பிட்ட பிறகு மாத்திரையைக் கொடுங்கள். குமட்டல் இருந்தால் இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர் உதவும். மாதவிலக்கு வலியையே இஞ்சி ஓரளவு தணிப்பதாகச் சில சிறிய ஆய்வுகளும் உண்டு. ஒரேயடியாக வயிறு நிறைய உண்ணாமல், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக உண்ணட்டும். மலச்சிக்கல் வராமல் இருக்க முந்தைய வாரத்திலிருந்தே தண்ணீரும் காய்கறியும் கூடுதலாக வேண்டும். அந்த நாட்களில் விரதம் கூடாது. சமையற்கட்டு முழுவதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

திடீரென்று தாங்க முடியாத வலி ஒரு பக்கமாக வந்தாலோ, வலியோடு காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, கட்டி உடைந்திருக்கவோ சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கவோ வாய்ப்பு உண்டு. கஞ்சி, கஷாயம் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய ஸ்கேன் அறிக்கைகளையும், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.